இரண்டு பேரையும் கேட்டேன்

ஆண்டவருடைய நாமத்தில் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் றஞ்சினி. திருகோணமலைப் பக்கம் சாம்பல்தீவில் இருக்கிறேன். உப்புவெளிக் கடற்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் துணி தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். எனக்கு ஒரே ஒரு மகள், கெசியா. அவளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட வருடத்தையும் அவள் திரும்பி வந்த விதத்தையும் சொல்ல வந்திருக்கிறேன்.

அந்த வருடம் சித்திரை விடுமுறைக்கு அவள் வெருகலுக்குத் தகப்பனிடம் போயிருந்தாள். பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் நாள் பின்னேரம் அவர் அவளைக் கொண்டுவந்து விட வேண்டும். அவளுடைய வெள்ளைச் சட்டையை மினுக்கி அலுமாரிக் கதவில் தொங்கவிட்டேன். இடியப்பம் அவித்து வைத்தேன். இருட்டிய பிறகும் யாரும் வரவில்லை. எத்தனை தரம் அழைத்தும் பதில் இல்லை. அடுத்த நாள் காலையில்தான் அவர் தொலைபேசியை எடுத்தார்.

“கெசியா இனி இங்கதான் இருப்பாள்,” என்றார். “என்ர பொம்பிளைப் பிள்ளையை ஆரோ ஒரு ஆம்பிளை இருக்கிற வீட்டில விட ஏலாது. கோட்டுக்குப் போறதெண்டால் போ.”

பின்னால் கெசியாவின் குரல் கேட்டது. “அம்மாவோ?” என்று கேட்டாள். அவர் வைத்துவிட்டார்.

நான் குசினி நிலத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஜெபமும் வரவில்லை. சிறு வயது முதல் ஜெபிக்கிறவள் நான். அன்று ‘ஆண்டவரே’ என்ற சொல்லுக்குப் பிறகு அடுத்த சொல் வாயில் இல்லை.

என் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். கெசியாவின் தகப்பன் ஜெயசீலன் கட்டாரில் வேலை செய்தவர். ஒப்பந்தம் முடிந்து நாட்டுக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேரே வெருகலில் இருந்த தாய்வீட்டுக்குப் போனார். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்த்தேன், ஆள் விட்டுப் பார்த்தேன், கடைசியில் திருகோணமலை நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனது. பிள்ளை தாயோடு இருக்க வேண்டும், பள்ளிக்கூட விடுமுறையில் தகப்பனோடு இருக்கலாம் என்று தீர்ப்பு. கெசியாவுக்கு அப்போது நான்கு வயது. பிறகு அவர் சுகந்தி என்ற பெண்ணைக் கலியாணம் செய்தார். சில வருடங்கள் கழித்து நான் நேசனைக் கலியாணம் செய்தேன்.

நேசன் மீன்பிடி வள்ளங்களின் இயந்திரம் திருத்துகிறவர். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டில் போட்டு வேலை செய்கிறார். அதிகம் கதைக்காத மனிதர். கெசியாவை அவர் ஒரு நாளும் தன்னை அப்பா என்று கூப்பிடச் சொன்னதில்லை. அவளுக்குச் சைக்கிள் பழக்கினார், கணக்குச் சொல்லிக் கொடுத்தார், திருத்திய வள்ளத்தில் கைபிடித்து ஏற்றிப்போனார், பல்லுக் கொதி வந்து அவள் துடித்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஒரு நாள் மத்தியானம் அவளே கொட்டில் வாசலில் நின்று, “நேசப்பா, சாப்பிட வாங்கோ,” என்றாள். அந்தப் பெயரை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் உடனே வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது கழற்றிப் போட்ட இயந்திரத்துக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

எங்கள் கலியாணம் பதிவுக் கலியாணம். விவாகரத்து ஆனவள் என்பதால் சபையில் செய்து வைக்கவில்லை. ஞாயிறு பள்ளியில் நான் சிறு பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அதையும் ‘கொஞ்ச நாளைக்கு’ விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. நான் சபையை விட்டுப் போகவில்லை. யாருடைய வீடு அது? என் ஆண்டவருடைய வீடு. நான் ஏன் போக வேண்டும்?

பிள்ளையைத் தகப்பன் தடுத்து வைத்த பிறகு பொலிசுக்குப் போனேன். தகப்பனோடுதானே இருக்கிறாள், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார்கள். போனேன். எனக்காகப் பேசியவர் பர்ஸானா என்ற சட்டத்தரணி, கிண்ணியாவைச் சேர்ந்தவர், என்னைவிட வயது குறைந்தவர். நாங்கள் போடுவதற்கு முன்னமே ஜெயசீலன் தன் பக்கத்து மனுவைப் போட்டிருந்தார். பர்ஸானா அதை வாசித்துக் காட்டினார். தாய் வேறொரு ஆணோடு வாழ்கிறாள். பிள்ளைக்கு அந்த ஆணில் பயம். அவர் பிள்ளையைத் தொடும் விதம் சரியில்லை. ஆகவே பிள்ளை தகப்பனோடு இருக்க வேண்டும்.

நேசன் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

பர்ஸானா அவரை வெளியில் இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம், “ஒருக்கா மட்டும் கேக்குறன், றஞ்சினி. உங்களுக்குச் சின்னச் சந்தேகமாவது இருக்கா?” என்றார்.

“இல்லை.”

“பிள்ளைக்கிட்ட நீங்க எப்பவாவது கேட்டிருக்கீங்களா?”

“கேட்டனான். கலியாணம் கட்டின நாளில இருந்து இடைக்கிடை கேக்கிறனான். ஆரிலயும் பயமெண்டால் முதல் எனக்குத்தான் சொல்ல வேணுமெண்டு சொல்லி வச்சிருக்கிறன்.”

அவர் தலையாட்டினார். “கோபிக்காதீங்க. நான் கேக்கத்தான் வேணும்.”

நான் கோபிக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான் அது. நம் வீடுகளில் நடக்காத விஷயமும் இல்லை. மறுமணம் செய்கிற தாய்மாரே, நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் கேட்டு, பார்த்து, தெரிந்துகொண்ட பிறகு ஊர் சொல்லுகிறது என்பதற்காக ஒரு நல்ல மனிதரைக் கைவிடாதீர்கள். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

நீதிபதி அம்மா இரு வீடுகளையும் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி நன்னடத்தை உத்தியோகத்தருக்குச் சொன்னார். குற்றச்சாட்டு பாரதூரமானது என்பதால் அறிக்கை வரும்வரை பிள்ளை இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றார். தாய் சனிக்கிழமைகளில் மூதூரில் ஓர் அலுவலகத்தில் வைத்துப் பிள்ளையைப் பார்க்கலாம். என் பிள்ளையை நான் பார்க்க எனக்கு ஒரு மண்டபமும் ஒரு மேசையும் காவலுக்கு ஒரு உத்தியோகத்தரும். 

அதன்பிறகு எல்லோரும் எனக்கு ஒரே புத்தியைத்தான் சொன்னார்கள்.

என் அண்ணா சொன்னார்: “அந்தாளைக் கொஞ்ச நாளைக்கு வேற இடத்தில இருக்கச் சொல்லு. புருசன் பிறகும் வருவான். பிள்ளை போனால் போனதுதான்.”

பாஸ்டர் சொன்னார்: “சகோதரி, அந்தக் கலியாணத்தால வந்த கஷ்டம் இது. ஒண்டை விட்டால்தான் மற்றது கிடைக்கும். எதை விடவேணுமெண்டு ஆண்டவரிட்டக் கேளுங்கோ.”

பர்ஸானா அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வழக்குக்கு அது சுகமான வழி என்பதை மறைக்கவும் இல்லை. “அவர் வீட்டில இல்லாட்டி எதிர்ப்பக்கத்துக்குப் பேச ஒண்டும் இல்ல. முடிவு நீங்க எடுக்கிறது,” என்றார்.

ஒரு பின்னேரம் வேலையால் வந்தபோது நேசன் தன் உடுப்புகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். துறைமுகத்துப் பக்கம் ஒரு அறை பார்த்திருந்தார்.

“வழக்கு முடியுமட்டும் அங்க இருக்கிறன். நீர் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும். எனக்கு ஒண்டுமில்லை,” என்றார்.

நான் பையைப் பிடுங்கினேன். அவருடைய சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

“நீங்கள் போனால் அவர் சொன்ன பொய்க்கு நாங்களே கையெழுத்து வச்ச மாதிரி. நாளைக்கு கெசியா வளர்ந்து, ‘நேசப்பா ஏன் போனவர்?’ எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல? அவர் பிழை செய்தவர் எண்டு நினைக்கமாட்டாளோ?”

“பிள்ளை வராட்டி?”

“வருவாள். நீங்களும் இருப்பீங்கள்.”

அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தோய்த்தும் போகாத எண்ணெய்க் கறை படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கையால அவளை அடிச்சதுகூட இல்லை, றஞ்சி,” என்றார். நான் அவரைக் கலியாணம் செய்த பிறகு அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சபையில் உபவாச ஜெபம். எனக்காகவும் ஜெபித்தார்கள். ஒரு அன்ரி என் தலையில் கை வைத்து, “ஆண்டவரே, உமது மகள் பற்றிக்கொண்டிருக்கிறதை விட்டுவிட அவளுக்குப் பெலன் தாரும்,” என்று ஜெபித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாயில் ஆமென் வரவில்லை. எனக்குள் ஏதோ மூண்டது. எழும்பி நின்றேன். சத்தமாகவே ஜெபித்தேன்.

“ஆண்டவரே, எனக்கு இரண்டு பேரும் வேணும். என் மகளும் வேணும், என் புருஷனும் வேணும். ஒருவரைத் தந்து மற்றவரை எடுக்காதேயும். எதை விட வேணுமென்று நான் உம்மிடம் கேட்கமாட்டேன். நீர் தந்த இரண்டில் ஒன்றையும் விடமாட்டேன். நீர் பார்த்துக்கொள்ளும்.”

 பிறகு யாரோ ஒரு பாட்டைத் தொடங்கினார்கள்.

வெளியில் வரும்போது அந்த அன்ரி என் கையைப் பிடித்தார். “பிள்ளை, ஆண்டவரிட்ட அப்பிடி அடம் பிடிக்கக்கூடாது.”

“அன்ரி, என்ர தகப்பனிட்டத்தானே பிடிக்கிறன். வேற ஆரிட்டப் பிடிக்க?” என்றேன்.

அதற்குப் பிறகு எனக்காக வேறு ஜெபம் நான் ஜெபிக்கவில்லை. வேலையிடத்தில் வெள்ளை விரிப்புகளை மினுக்கும்போது, மடிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, இதே வார்த்தைகள்தான். சில நாள் கெஞ்சினேன். சில நாள் சண்டை பிடித்தேன். பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் பயம் குறைந்துகொண்டு வந்தது. அது மட்டும் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமைகளில் மூதூருக்குப் போனேன். கெசியாவைக் கொண்டுவந்தவர் ஜெயசீலன் அல்ல. அவர் நெல் வெட்டும் மெசினோடு ஊரூராகப் போய்விடுவார். சுகந்திதான் கூட்டிவருவாள். நெற்றியில் விபூதி, கையில் ஒரு குடை. கெசியாவை உள்ளே விட்டுவிட்டு வெளியில் மர நிழலில் நிற்பாள். என்னோடு கதைக்க மாட்டாள். நானும் கதைக்கவில்லை. கெசியாவின் தலையை இரட்டைப் பின்னலாக, ஒரு மயிர் கலையாமல் பின்னியிருப்பாள். எனக்கு அந்தப் பின்னலைப் பார்க்கத்தான் வயிறு எரியும். என் பிள்ளைக்கு இன்னொருத்தி தலை இழுக்கிறாள். அவளுக்கும் சேர்த்துத்தான் நான் ஜெபித்தேன், ஆனால் நல்லதாக இல்லை.

ஒரு சனிக்கிழமை கெசியா என் காதுக்குள் சொன்னாள்: “அம்மா, கோட்டில கேட்டால் நேசப்பாவில பயமெண்டு சொல்லட்டாம். அப்பா சொல்லித் தந்தவர்.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் நேசப்பாவைப் பிடிச்சு அடைப்பினமோ?”

பத்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்வி இது. அவளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். “உனக்குத் தெரிஞ்ச உண்மையை மட்டும் சொல்லு, மகள். என்னைச் சந்தோசப்படுத்தவும் சொல்லாதை, அப்பாவைச் சந்தோசப்படுத்தவும் சொல்லாதை.” இதைவிட அவளுக்கு நான் வேறு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் ஆண்டவர் அதற்குச் சாட்சி.

பிறகு ஆவணி மாதம் வந்தது. ஒரு காலை, மினுக்கும் அறையில் நின்றபோது தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான் சுகந்தி. பிள்ளைதான் நம்பர் சொன்னவள். அவளுக்குக் கடும் காய்ச்சல். டெங்குவாம். மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திட்டன். அவர் மெசினோட பொலநறுவைப் பக்கம். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்.” கொஞ்சம் நிறுத்தினாள். “நீங்கள் வாங்கோ.”

நேசன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். சீனன்குடாவைத் தாண்டி, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிப் போனோம். அவருடைய முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு நான் அதே ஜெபத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் நேசன் வண்டியை நிறுத்தினார். “நீர் போம். நான் இங்க நிக்கிறன். நான் உள்ளுக்கு வந்தால் அதையும் வழக்கில சொல்லுவினம்,” என்றார்.

வார்டில் கெசியா சேலைன் ஏற்றப்பட்டுப் படுத்திருந்தாள். உதடு காய்ந்து, கண் பாதி மூடி. சுகந்தி ஈரத்துணியால் அவளுடைய காலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கட்டிலுக்குக் கிட்டப் போய், “கெசி, அம்மா வந்திட்டன்,” என்றேன். அவள் கண்ணைத் திறந்தாள். என் கையைப் பிடித்தாள். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். “நேசப்பா எங்க?”

சுகந்தி நிமிர்ந்தாள். “அக்கா, முந்தநாள் தொடக்கம் இதைத்தான் கேக்கிறாள். காய்ச்சல் ஏறி அனத்தேக்க, ‘நேசப்பா, வள்ளம் ஆடுது, என்னைப் பிடியுங்கோ’ எண்டு கத்தினவள். ஒருக்கா இல்லை, எத்தினை தரம்.” அவளுடைய குரல் தாழ்ந்தது. “பயந்த பிள்ளை தனக்குப் பயமான ஆளையே கூப்பிடும்?”

நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அவர் எங்க, வந்திருக்கிறாரே?”

“வாசலில நிக்கிறார். உள்ளுக்கு வரப் பயப்பிடுறார்.”

சுகந்தி துணியைக் கட்டிலில் வைத்தாள். எழும்பிப் போனாள். ஜன்னலால் பார்த்தேன். வெயிலில் நடந்து போய் நேசனுக்கு முன்னால் நின்றாள். இருவரும் அதற்கு முன் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை. அவர் தலையைக் குனிந்து நின்றார். அவள் ஏதோ சொன்னாள். பிறகு இருவரும் சேர்ந்து உள்ளே வந்தார்கள். அவள் என்ன சொன்னாள் என்று பின்னர் நேசன் எனக்குச் சொன்னார்: “பிள்ளை உங்களைக் கேக்கிறாள். ஆரும் ஏதும் கேட்டால் நான்தான் கூப்பிட்டனான் எண்டு சொல்லுங்கோ. நானே சொல்லுறன்.”

நேசன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கெசியா மற்றக் கையை நீட்டினாள். அவர் தன் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அவளுடைய விரல்களைப் பிடித்தார். “வள்ளம் ஆடாது, பிடிச்சிட்டன்,” என்றார். அவள் நித்திரையானாள்.

நான் சுகந்தியைப் பார்த்தேன். வயிறெரிச்சலோடு இவ்வளவு நாளும் எந்தப் பெண்ணுக்கு எதிராக ஜெபித்தேனோ, அவள் என் பிள்ளையின் சிறுநீர்ப் பாத்திரத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிற்று. நான் வழக்கு முடிவில் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆண்டவர் பதிலை எப்போதோ அனுப்பி வைத்திருந்தார்; அந்தப் பதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் குடையோடு எனக்கு முன்னால் நின்றிருக்கிறது.

காய்ச்சல் தணிந்தது. பிள்ளை தேறினாள். நன்னடத்தை உத்தியோகத்தர் வெருகல் வீட்டுக்குப் போனபோது சுகந்தி நடந்ததை அப்படியே சொன்னாள். அது அறிக்கையில் வந்தது. ஜெயசீலனின் சட்டத்தரணி அதை மறுத்ததால் சுகந்தியை நீதிமன்றத்துக்கு அழைத்தார்கள். அவள் வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. வந்தாள். ஜெயசீலன் அவளைப் பார்த்த பார்வையில் நானே ஒதுங்கிப்போயிருப்பேன்.

நீதிபதி அம்மா கேட்டார்: “நீங்கள் இவருடைய மனைவி. இவருக்கு எதிராகச் சொல்ல உங்களை யாராவது தூண்டினார்களா?”

“எதிரா இல்லை, அம்மா. அந்த மனுசனில பிள்ளைக்குப் பயமில்லை. காய்ச்சலுக்குள்ள அவரைத்தான் கூப்பிட்டவள். நான் பக்கத்தில இருந்தனான்.” பிறகு கணவன் இருந்த பக்கம் திரும்பினாள். “இவர் கெட்டவரில்லை. பிள்ளை வேற ஒராளை அப்பா எண்டது இவருக்குத் தாங்கேலாமல் போச்சு. அவ்வளவுதான்.”

 ஜெயசீலன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சித்திரை விடுமுறையில் கெசியா வாய் தவறி ‘நேசப்பா’ என்று சொன்னதில்தான் எல்லாம் தொடங்கியது என்று அன்று சுகந்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நீதிபதி அம்மா கெசியாவைத் தனியே தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டளை வந்தது. பிள்ளை முன்போலத் தாயோடு. விடுமுறையில் தகப்பனோடு. நேசன் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஒரு சொல்லும் அதில் இல்லை.

இரண்டு பேரையும் கேட்டேன். இரண்டு பேரையும் தந்தார்.

வெளி விறாந்தையில் சுகந்தி பர்ஸானாவிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். “மிஸ், அவர் என்னை விட்டிட்டால், நான் கெசியாவைப் பாக்கலாமே?”

பர்ஸானா பொய் சொல்லவில்லை. “சட்டத்தில உங்களுக்குத் தனி உரிமை எண்டு ஒண்டும் இல்ல. நீங்க பெத்த தாயில்ல.” பிறகு நேசனைக் காட்டினார். “றஞ்சினி இல்லாமப் போனா இவருக்கும் அதே கதைதான்.”

சுகந்தி குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். “சட்டம் கிடக்கட்டும். சாம்பல்தீவில என்ர வீட்டுக் கதவு இருக்கு. உனக்கு எப்ப வரவேணுமெண்டாலும் வா. கெசியா உன்னட்டயும் வருவாள். இது நான் தாற வாக்கு,” என்றேன்.

நீதிமன்றத்தில் உண்மை சொன்னதற்கு அவள் விலை கொடுத்தாள். ஜெயசீலன் அடிக்கவில்லை, ஆனால் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. தமக்கை வீட்டுக்குப் போய் இருந்தாள். தைப்பொங்கலுக்குப் பிறகுதான் அவர் போய்க் கூட்டிவந்தார். இப்போது அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால், கெசியாவைக் கொண்டுவந்து விடும்போது ஜெயசீலன் வாசல் கேற்றடியில் நிற்பார், நேசனைப் பார்த்துத் தலையாட்டுவார். அவ்வளவுதான். சுகந்தி உள்ளே வந்து தேத்தண்ணி குடிப்பாள். எல்லாம் சுபம் என்று நான் அலங்கரித்துச் சொல்லமாட்டேன்.

இந்தச் சாட்சியைச் சபையில் சொல்ல நேரம் கேட்டேன். பாஸ்டர் நல்ல மனதோடுதான் ஒன்று சொன்னார். “சொல்லுங்கோ, சகோதரி. அந்த விபூதிப் பிள்ளையின்ர பகுதியை மட்டும் சுருக்குங்கோ. சனம் குழம்பும்.”

“பாஸ்டர், ஆண்டவர் அந்தப் பிள்ளையை எனக்கு அனுப்பேக்க நெத்தியைத் துடைச்சுப்போட்டு அனுப்பேல்லை. நான் ஏன் துடைக்க?” என்றேன்.

அவர் நேரம் தரவில்லை. அதனால்தான் இன்று உங்கள் வீட்டுக் கூட்டத்தில், உங்கள் முன்னால் முழுவதையும் சொல்லுகிறேன். சபையில் கேட்கிறார்கள், பிள்ளையை எப்படி அந்த வீட்டுக்கு விடுமுறைக்கு அனுப்புகிறாய் என்று. அங்கே அவளை நேசிக்கிற ஒருத்தி இருக்கிறாள், ஆகவே அனுப்புகிறேன். ஒரு பிள்ளையை நேசிக்கிறவர்கள் கூடிப்போனால் அந்தப் பிள்ளைக்கு என்ன குறை?

நான் முந்தி மனிதர்களுக்குப் பயந்து வாழ்ந்தவள். விவாகரத்து என்ற சொல்லை யாராவது சொன்னால் தலையைக் குனிகிறவள். இப்போது குனிவதில்லை. என் ஜெபத்தை என் ஆண்டவர் மரியாதைக் குறைவு என்று தள்ளவில்லை. கேட்டார். அவருக்கு முன்னால் நான் நிமிர்ந்து நிற்கலாம் என்றால் மற்றவர்களுக்கு முன்னால் ஏன் குனிய வேண்டும்?

இங்கே இருக்கிறவர்களில் விவாகரத்து ஆனவர்கள் இருக்கலாம். நீதிமன்றத் தவணைக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கலாம். தான் பெறாத பிள்ளைக்குச் சோறு குழைத்துத் தீத்துகிறவர்கள் இருக்கலாம், அந்தப் பிள்ளையில் தங்களுக்கு என்ன உரிமை என்று ஊர் கேட்கிற கேள்வியை ஒவ்வொரு நாளும் விழுங்குகிறவர்கள் இருக்கலாம். உங்களுக்குத் தரப்போவது இவ்வளவுதான் என்று வேறு யாரோ அளந்து வைத்ததை ஆண்டவரிடம் கேட்காதீர்கள். உங்களுக்கு வேண்டியதை அதன் பெயர் சொல்லிக் கேளுங்கள். பதில் யாருடைய முகத்தோடு வரும் என்று மட்டும் நீங்கள் தீர்மானிக்காதீர்கள், அதை அவரிடம் விடுங்கள்.

இப்போது ஜெபிப்போம். பின்னால் நிற்கிற தங்கச்சி, நீங்களும் வாங்கோ. இங்க என்ர பக்கத்தில இடமிருக்கு. பிள்ளையின்ர பெயரைச் சொல்லுங்கோ, சேர்ந்து கேப்பம்.